சிவப்பு என்றுதான் எழுதியிருக்கிறது

சிவப்புன்னுதான் எழுதியிருக்கேன். திரும்பவும் பாத்தாச்சு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி திரைமேல விரல் வெச்சு எழுத்தெழுத்தாப் படிச்சாச்சு, சிவப்புன்னுதான் இருக்கு. பூஜ்யத்துக்குப் பச்சை, ஒண்ணுக்கு மஞ்சள், ஒண்ணரைக்கும் அதுக்கு மேலயும் சிவப்பு. மூணே நிறம், மூணே எண், கிணத்துத் தண்ணியில லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் ஃப்ளோரைடுன்னு. நடுவுல வர்ற சாயலையெல்லாம் மென்பொருளே கலந்து நிரப்பிக்கும். சோத்துக்கு உப்புப் போடறதைவிடச் சுலபமான வேலை, இதைப் போய் ஒருத்தி தப்பாப் பண்ணுவாளா? ஆனா படத்துல சிவப்பைக் காணோம். மேப் முழுக்கப் புள்ளி, ஒரு கிணத்துக்கு ஒரு புள்ளி. வடக்கே மலையடிவாரம், தண்ணியில ஃப்ளோரைடு கொட்டிக் கிடக்கற பக்கம், பிள்ளைங்க சிரிச்சாப் பல்லெல்லாம் கறையாத் தெரியற ஊருங்க, அங்க செக்கச்செவேல்னு இருக்கணும். தெற்கே ஏரிப்பக்கம் பச்சைப்பசேல்னு இருக்கணும். ரெண்டு பக்கமும் ஒண்ணு மாதிரியே கிடக்கு, காஞ்ச வரட்டி நிறத்துல. நடுவுல மஞ்சள் மட்டும்தான் நான் மஞ்சள்னு பல்லைக் காட்டுது. சரி, பழைய நிற வரிசை, பேலட், உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், மூடித் திற. திறந்தாச்சு. வரட்டி. நிறத்தோட பேரை எடுத்துட்டு எண்ணாக் குடுத்துப் பாரு, சிவப்பு முழுசு, பச்சை சைபர், நீலம் சைபர், இதைவிடச் சிவப்பு உலகத்துலயே கிடையாது. ரன் பண்ணு. வரட்டி. சாமி, நான் எங்கயோ சொதப்பினதாவே இருக்கட்டும். ஒரு கமா விட்டுப்போயிருக்கட்டும், ஒரு அடைப்பு மூடாம இருக்கட்டும், என் கைடு பொன்னுதுரை சார் வந்து ‘இது கூடத் தெரியலியா, நீயெல்லாம் பிஎச்டி முடிச்சு’ன்னு நாலு பேர் முன்னால ஏசட்டும், நான் சந்தோஷமா ஏச்சு வாங்கிக்கறேன்.

ஏன் இவ்வளவு படபடங்குது? ஒரு மேப்புக்குப் போய். கோதை, மூச்சு விடு. நீ இந்த லேப்ல பச்சை சிவப்பு பேலட் எழுதியே பழக்கமில்ல, அதான். இங்க அந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வரக்கூடாது, அது சட்டம். சாருக்குப் பிறவியில இருந்தே அந்த ரெண்டும் ஒண்ணு. அவரே சொல்லிச் சிரிப்பார், ‘எங்கம்மை பழுத்த மிளகாயாப் பறிச்சுட்டு வாலேன்னு அனுப்புவா, நான் பூராம் காயாப் பறிச்சுட்டு வந்து முதுகுல வாங்குவேன்.’ நான் சேந்த புதுசுல அவர் குடுத்த முதல் வேலையே எனக்குன்னு ஒரு பேலட் எழுதுன்னுதான். அடர்நீலத்துல ஆரம்பிச்சு, ஊதா வழியா, வெளிர்மஞ்சள்ல முடியணும், கறுப்பு வெள்ளையில அச்சடிச்சாலும் எது கூட எது கம்மின்னு தெரியணும். அதுக்கு ராத்திரி பகலா உக்காந்து எண்ணை மாத்தி மாத்திப் போட்டு, அவர் ஒவ்வொண்ணாப் பாத்து ‘இது தெரியுது, இது தெரியல’ன்னு சொல்லச் சொல்ல, கடைசியில ஒண்ணு அமைஞ்சு வந்துச்சு. அதுக்கு என் பேரையே வெச்சுட்டார், கோதை பேலட்னு. லேப்ல எல்லாரும் அதைத்தான் போடறாங்க. அதனால இந்த அறையில சுவத்துல ஒட்டின படம், கட்டுரைக்குப் போற படம், எல்லாமே நீலமும் மஞ்சளும்தான். இப்ப மாவட்ட ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, ‘மேடம், இந்த நீலம் மஞ்சள் எல்லாம் ஜனங்களுக்குப் புரியாதுங்க, சிக்னல் மாதிரி பச்சை சிவப்புல போட்டுக் குடுங்க, பஞ்சாயத்து போர்டுல ஒட்டணும்’னு கேட்டாங்க. நியாயம்தானே, சிவப்புன்னா குடிக்காதேன்னு பாப்பாவுக்குக்கூடப் புரியும். அதான் இன்னைக்குத்தான் மாசக்கணக்குக்கு அப்புறம் நான் திரையில சிவப்பைக் கூப்பிடறேன். கூப்பிட்டா வரமாட்டேங்குது. அப்ப இது இன்னைக்கு நடந்ததா, இல்ல அந்த நீலத்துக்கும் மஞ்சளுக்கும் பின்னால எத்தனை நாளா நடந்துட்டு இருக்கு? எனக்கு நானே ஒரு திரை கட்டிட்டு அதுக்குள்ள உக்காந்திருந்தேனா? வேண்டாம், அந்தப் பக்கம் போகாத. மானிட்டரைப் பாரு முதல்ல.

மானிட்டர்தான். கேபிள் லூசா இருந்தா நிறம் ஒண்ணு செத்துப்போகும், பழைய டீவியிலகூட அப்படி ஆகும், எங்க வீட்டு டீவியில ஒருதடவை எல்லார் மூஞ்சியும் பச்சையா வந்து அப்பா ஓங்கி ஒரு தட்டுத் தட்டினதும் சரியாச்சு. கேபிளைப் பிடுங்கித் திரும்பக் குத்தியாச்சு. அப்படியேதான் இருக்கு. பக்கத்து மேசை மானிட்டர்ல மாத்திப் பாரு. அதுலயும் அப்படியேதான் இருக்கு. போன்ல போட்டோ எடுத்துப் பாத்தா? லூசு, போனையும் இதே கண்ணாலதானே பாக்கணும். கண்ணுன்னு சொல்லிட்டேனா? சொல்லிட்டேன். வராந்தாவுல தீயணைப்பு வாளி தொங்குது, மணல் ரொப்பி, நல்லாச் சிவப்பு பெயின்ட் அடிச்சு. கதவுல இருந்து தலையை நீட்டினாப் போதும். எந்திரிச்சேன், கதவுகிட்ட போனேன், கைப்பிடியைப் பிடிச்சேன், திரும்பி வந்து உக்காந்துட்டேன். பாக்காத வரைக்கும் அது சிவப்பு. அங்க அது சிவப்பாத் தொங்கிட்டே இருக்கட்டும், நான் ஏன் போய்க் கெடுக்கணும்? காலையில அந்த வழியாத்தானே வந்தேன், எப்படி இருந்துச்சு? ஞாபகம் இல்ல. தினம் பாக்கறதை யாரு பாக்கறா. வலது கண்ணை மூடு. இடதுல வரட்டி. இடதை மூடு. வலதுல வரட்டி, இன்னும் கொஞ்சம் மங்கலா. ரெண்டுலயும்.  

அந்த டாக்டர் சொன்னாரே. எனக்குத் தெரியாததா, இவ்வளவு நேரமா எதைச் சுத்திச் சுத்தி வர்றேன்னு? கழுத்துல நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, அதுல ஊசி குத்தி எடுத்துப் பாத்துட்டு, ‘பயப்படாதம்மா, டி.பி.தான், நெறிக்கட்டியில வர்ற வகை, யாருக்கும் ஒட்டாது, மாத்திரை போட்டா ஓடிப்போயிடும்’னு சொன்னார். டி.பி.தான், பயப்படாதன்னா. பின்னால நிறையப் பேர் வரிசையில நின்னுட்டு இருந்தாங்க, அவர் எழுதிக்கிட்டே சொன்னார், ‘இந்த மருந்துல ஒண்ணு ரொம்ப அபூர்வமா கண்ணைத் தொடும். பார்வை மங்கினாலோ, சிவப்பு பச்சை மாறித் தெரிஞ்சாலோ அன்னைக்கே வந்துடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, விட்டா அப்புறம் திரும்பி வராமலே போயிடலாம்.’ நான் எல்லாத்துக்கும் தலையாட்டினேன். காதுல விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான், அபூர்வமா. அபூர்வமா நடக்கறது எல்லாம் அடுத்தவங்களுக்குத்தானே நடக்கும். வெளிய வந்ததும் அம்மா என் கையைப் பிடிச்சுட்டு, ‘கண்ணு, இதை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்டுடாத சாமி, பொண்ணு கேட்டு வர்ற நேரம், உங்க ஹாஸ்டல்லயும் தெரிஞ்சா ரூமைக் காலி பண்ணுன்னுருவாங்க’ன்னாங்க. ஒட்டாதும்மான்னேன். ‘ஒட்டாதுன்னு உனக்குத் தெரியும் எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?’ன்னாங்க. அதனால கழுத்துக்கு துப்பட்டா, மாத்திரைக்கு சத்து மாத்திரைன்னு பேரு, மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குப் போனா பல் டாக்டர்னு பேரு. மாத்திரை ஆரம்பிச்சதும் சிறுநீர் ஆரஞ்சா போகும்னு சொல்லியிருந்தாங்க, முதல் நாள் பாத்துப் பதறிட்டேன், அப்புறம் அதுவே பழகிப்போய், காலையில அந்த ஆரஞ்சைப் பாத்தா ஒரு தைரியம், மருந்து வேலை செய்யுதுன்னு. இப்பக் கொஞ்ச நாளா வெளிறித் தெரியுது. தண்ணி நிறையக் குடிக்கறேன் போலன்னு நினைச்சேன். எவ்வளவு அறிவு பாருங்க, ஆராய்ச்சி மாணவி.

இன்னும் இருக்கு, தோண்டத் தோண்ட வருது. ஹாஸ்டல்ல என் ரூம்மேட் ஜெரினா போன வாரம் கேட்டா, ‘என்னடி இது, பச்சை சுடிதாருக்கு இந்தத் துப்பட்டாவா, கிளி மாதிரி கிளம்பிட்டே?’ன்னு. நான் பழுப்புத் துப்பட்டான்னு நினைச்சுல்ல எடுத்தேன், அப்ப அது சிவப்பு. மெஸ்ல தக்காளிச் சட்னின்னு ஊத்தினாங்க, பாத்தா மண்ணு கரைச்ச மாதிரி இருந்துச்சு, புளிச்சுப்போன சட்னியைப் போடறாங்கன்னு பாக்கியம் அக்காகிட்டச் சண்டைக்குப் போனேன். பாவம் அந்தக்கா, ‘இப்பத்தான் அரைச்சேன் பாப்பா’ன்னு கரண்டியில எடுத்து நீட்டுச்சு, நான் மூஞ்சியைத் திருப்பிட்டு வந்துட்டேன். சரி, இதெல்லாம் வெறும் கதையாக்கூட இருக்கலாம். பயந்தவளுக்கு இருட்டுல எல்லாம் பேய்னு சொல்வாங்க. நீ என்ன படிச்சே? அளந்து பாக்காம எதையும் சொல்லாதேன்னுதானே படிச்சே, அளந்து பாரு. சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ரெண்டே நிறம், பேலட்ல இருக்கற அதே பச்சை, அதே சிவப்பு, வெளிச்சம் மட்டும் ஒண்ணுபோல ஆக்கிட்டேன். கம்ப்யூட்டரே கலைச்சுப் போட்டு ஒவ்வொரு கட்டமாக் காட்டும், எனக்கு எது வருதுன்னு தெரியாது, பச்சைன்னா இந்த விசை, சிவப்புன்னா அந்த விசை. எழுதறப்ப கை நடுங்கவே இல்ல, அதுதான் ஆச்சரியம், வேலைன்னு வந்துட்டா இந்தக் கை யாரோட கையோ. ஆரம்பிச்சேன். கட்டம் வந்துச்சு. வரட்டி. சிவப்புன்னு அமுக்கினேன். அடுத்தது. வரட்டி. இதுவும் சிவப்பா இருக்குமோ, ஒரே மாதிரி வருமா, சரி பச்சைன்னு அமுக்கினேன். எல்லாத்தையும் இப்படியே, பரீட்சையில படிக்காம வந்த பையன் ஏ பி சி டின்னு குருட்டாம்போக்குல போடுவானே, அப்படி. முடிஞ்சுது. விடையைப் பாக்க ஒரு விசைதான். ரொம்ப நேரம் அதுமேல விரலை வெச்சுட்டு இருந்தேன். பாத்தேன். பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

இப்ப என்ன செய்ய? போகணும், அன்னைக்கேன்னு சொன்னார், அன்னைக்கேன்னா இன்னைக்கு. போனா மாத்திரையை நிறுத்தச் சொல்வாங்களோ, நிறுத்தினாக் கட்டி திரும்ப வருமோ, கழுத்துல இருந்து நெஞ்சுக்கு இறங்குமோ. நிறுத்தலைன்னா சிவப்புக்கு அப்புறம் மஞ்சள் போகும், அப்புறம் எழுத்து போகும், அப்புறம் அம்மா முகம். அம்மாவுக்குப் போன் பண்ணவா? பண்ணினா அழும், அழுதுட்டு நாளைக்கு அமாவாசை, கழியட்டும், அப்பா வரட்டும்னு சொல்லும். தனியாப் போகவா? பஸ்ல நம்பர் தெரியுமா? தெரியும், இப்பத் தெரியுது, கறுப்பு எழுத்தெல்லாம் தெரியுது. சும்மா இரு, ரெண்டு நாள் தூங்கி எந்திரிச்சாச் சரியாகலாம், கண்ணு அசந்திருக்கும், இந்தத் திரையையே பாத்துட்டு இருந்தா யாருக்குத்தான். மேப்பை முடிச்சுக் குடுத்துட்டு நாளைக்குப் போலாம். நாளைக்கு. நாளைக்குன்னு இருக்கக்கூடாதுன்னு சொன்னாரே. ஏன் எனக்கு? நான் யார் கண்ணைக் குத்தினேன்? நிறம் பாத்துப் பாத்து நிறத்தைப் பேர் வெச்சு வெச்சு எழுதறவளுக்கா இது வரணும்? சத்தம் வெளிய வராம வாயில துப்பட்டாவை வெச்சு அமுக்கிக்கிட்டேன். அப்பத்தான் செருப்புச் சத்தம் கேட்டுச்சு. பொன்னுதுரை சார்.

‘என்ன கோதை, முடிஞ்சிட்டா? மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்லா’ன்னுட்டே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில துடைச்சுப் போட்டுட்டு மேப்பைப் பாத்தார், சிரிச்சார். ‘ஆஹா. எனக்கு மொத்தமும் ஒரே பழுப்புதான். இந்தச் சிக்னல் கலரைக் கண்டுபிடிச்சவனைப் பிடிச்சு உதைக்கணும். சரி, நீ சொல்லு, நான் கேக்கேன். என் கண்ணை நம்பி இதை அனுப்ப முடியாது, உன் கண்ணை நம்பித்தான் அனுப்புதேன். தப்பா ஒரு பச்சை போச்சுன்னா ஒரு ஊரே அந்தத் தண்ணியைக் குடிக்கும்.’ நான் தலையாட்டினேன். மேப்புக்குப் பக்கத்துல, திரையிலயே இன்னொரு சன்னல்ல, எந்தக் கிணத்துல எவ்வளவு ஃப்ளோரைடுங்கற எண்ணெல்லாம் வரிசையாத் திறந்து கிடந்துச்சு. ‘கரட்டூர் கிணறு என்ன கலரு?’ன்னார். எண்ணைப் பாத்தேன், ரெண்டு புள்ளி ஒண்ணு. ‘சிவப்புங்க சார்.’ ‘ஏரிக்காடு?’ பூஜ்யம் புள்ளி ரெண்டு. ‘பச்சைங்க சார்.’ அட, இவ்வளவுதானா? எண்ணைப் பாத்தா நிறத்தைச் சொல்லிடலாமே, யாருக்குத் தெரியப்போகுது, இப்படியே காலம் பூராவும் ஓட்டிடலாமே. மனசுல ஒரு நிம்மதி வந்துச்சு, கேவலமான நிம்மதி. ‘வேப்பங்குட்டை?’ ‘சிவப்புங்க சார்.’ ‘சின்னத்தொட்டி?’ ‘பச்சை.’ அப்புறம் சார் ஒண்ணும் கேக்கல. திரும்பிப் பாத்தேன். அவர் மேப்பைப் பாக்கல, என் முகத்தைப் பாத்துட்டு இருந்தார்.

‘கோதை’ன்னார், குரல் மெதுவா. ‘நீ புள்ளியைப் பாக்கலியே. எண்ணைப் பாத்துட்டுல்லா கலர் சொல்லுத.’ நான் இல்லைங்க சார்னேன். ‘பொய் சொல்லாத. அது என் வேலை. பள்ளிக்கூடத்துல இருந்து நான் இப்படித்தான் பொழைச்சிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா கண்ணு முதல்ல எங்க போகுதுன்னு?’ அவர் கையை நீட்டித் திரையில அந்த எண் வரிசைமேல உள்ளங்கையைப் பரப்பி வெச்சுட்டார். இன்னொரு கையால ஒரு புள்ளியைத் தொட்டார். ‘இப்பச் சொல்லு, இது என்ன கலரு?’ பாத்தேன். எவ்வளவு பாத்தேன். கண்ணுல தண்ணி முட்டற வரைக்கும் பாத்தேன். ‘சிவப்பு’ன்னேன். சரியா தப்பான்னு அவருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் அந்தப் புள்ளியையே பாத்துட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் அவரே கையை விலக்கினார், ரெண்டு பேருமாக் குனிஞ்சு அந்தக் கிணத்தோட எண்ணைப் பாத்தோம். பூஜ்யம் புள்ளி நாலு.

‘எப்ப இருந்து?’ன்னார். ‘தெரியலைங்க சார். இன்னைக்குத்தான்...’ ‘மாத்திரை ஏதும் சாப்பிடுதியா?’ அம்மா என் கையைப் பிடிச்சுட்டு நிக்கறாங்க, மூச்சு விட்டுடாத சாமி, மூச்சு விட்டுடாத. நான் மூச்சு விட்டேன். ‘டி.பி.க்குங்க சார். கழுத்துல. யாருக்கும் ஒட்டாதுங்க சார், சத்தியமா ஒட்டாது, டாக்டர் சொன்னார்’னு சொல்லிட்டே போறேன், அவர் அதைக் கேக்கவே இல்ல. ‘கலர் மாறினா வரணும்னு சொன்னாங்களா?’ ‘சொன்னாங்க. அன்னைக்கே வரணும்னு.’ சார் கண்ணாடியைக் கழட்டினார், திரும்பப் போட்டார்.  மிளகாய்க் கதை சொல்லி லேப்பே அதிரச் சிரிக்கற மனுஷன், இப்பச் சிரிக்கல. ‘எனக்கு அது இருந்ததே இல்ல கோதை’ன்னார். ‘இல்லாததுக்கு என்ன வருத்தம், நான் பாட்டுக்கு இருந்துட்டேன். உனக்கு இருந்துதுல்லா. அது போகுதும்மா. எந்திரி.’ ‘மேப்புங்க சார், மத்தியானம்...’ ‘மேப்பு கிடக்கட்டும், எந்திரி.’ எந்திரிச்சேன். மேசையைப் பிடிச்சுக்கிட்டேன். ‘பயமா இருக்குங்க சார்’னேன். ‘எனக்கும்தான்’னார். ‘நட.’